இரண்டு கண் தொட்டி

அன்றைக்கு ரெஜினா அக்காவின் கூடையில் மீன் இல்லை. மரம் இருந்தது.

காலடிப்பேட்டையில் எங்கள் வாசலில் அவள் கூடையை இறக்கினால் முதலில் பூனைகள் வரும், பிறகுதான் நாங்கள் வருவோம். அன்று வந்த பூனைகள் மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, ஏமாந்த முகத்தோடு திரும்பிப் போயின. நான் சங்கராவா, காரப்பொடியா என்று கேட்டுக்கொண்டே சட்டியோடு வந்தேன். அவள் கூடையின் மேலிருந்த ஈரச் சாக்கை விலக்கினாள். உள்ளே ஓர் ஆலமரம் ஒருக்களித்துப் படுத்திருந்தது.

ஆலமரம் என்றால் ஆலமரமேதான். தடித்த அடிமரம், புடைத்த வேர், கிளையிலிருந்து நூல் நூலாகத் தொங்கும் விழுது, எல்லாம் இருந்தது. ஆனால் மொத்த மரமும் என் முழங்கை உயரம்கூட இல்லை. வேரைச் சுற்றித் தன் பழைய சேலைத் துண்டை நனைத்துக் கட்டியிருந்தாள். பக்கத்தில் நீலப் பீங்கான் ஓடுகள் சில கிடந்தன.

"வடிவு, இதுக்கு ஒரு வூடு கட்டிக் குடு," என்றாள்.

ராயபுரத்திலிருந்து தலைச்சுமையோடு நடந்து வந்தும் மூன்று தெருவுக்குக் கேட்கும்படி கூவுகிறவள் அவள். அன்றைக்கு அதைப் பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். எனக்குப் பயமாகிவிட்டது.

இந்தத் தொடர் தொடங்கியதிலிருந்து வாசகர்கள் என்னை ஒரே கேள்வி கேட்கிறார்கள். போன்சாய் தொட்டி செய்ய எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று. போன்சாய் என்ற பேரே எங்களுக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரியும். அப்போது அது குள்ள மரம், அவ்வளவுதான். எங்கேயும் போய்க் கற்கவில்லை. ஒரு மீன்காரி கேட்டாள், ஒரு மாமியார் திட்டினாள், தொட்டி பிறந்தது. அந்த இரண்டு பேருக்கும் நன்றி சொல்லத்தான் இந்த வாரம்.

பச்சையாக இருந்தால்

ரெஜினா அக்காவின் புருஷர் அந்தோணி அண்ணன், கப்பலில் பண்டாரி. பண்டாரி என்றால் சமையற்காரர். சிங்கப்பூர், ஹாங்காங் பக்கம் போகிற சரக்குக் கப்பலில் வேலை. ஒரு தடவை போனால் பல மாதம் ஆகும். வரும்போது குடைத்துணி, பிஸ்கட் டின், கிளி பொம்மை என்று ஏதாவது கொண்டு வருவார். ஒரு தடவை இந்த மரத்தைக் கொண்டு வந்தார்.

அவருடைய கப்பலிலேயே ஒரு சீனத்துத் தச்சர் இருந்தாராம். அண்ணன் வைக்கிற மிளகு ரசத்துக்கு அடிமை. கப்பல் வேலையை விட்டு ஊருக்குப் போகும்போது, தோஸ்து என்கிற பாத்தியதையில் தன் மரத்தை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ராயபுரத்துச் சந்தில் அந்த மரத்தைப் பார்க்கக் கூட்டம் கூடியதாம். ஆலமரத்தை அடித்து அடித்துக் குள்ளமாக்கியிருக்கிறார்கள் என்று ஒருத்தி கண் கலங்கினாளாம்.

கடைசியாகக் கப்பல் ஏறும்போது ரெஜினா அக்கா வழக்கம்போல அழுதிருக்கிறாள். அண்ணன் வழக்கம்போலச் சிரித்திருக்கிறார். சிரித்ததோடு நிற்காமல், "இந்த மரம் பச்சையா கீற வரைக்கும் நானும் நல்லா கீறேன்னு வச்சுக்கோ. போதுமா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆண்கள் வாசலில் நின்று விளையாட்டாக ஒன்றைச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளே இருப்பவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவாள். அவர் சொன்ன மாதத்தில் கப்பல் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. கடற்கரையில் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் போய்க் கேட்டால் தெரியாது என்றார்கள். ரெஜினா அக்கா காலையில் எழுந்ததும் முதலில் மரத்தைப் பார்ப்பாள். பச்சையாக இருந்தால் கூடையைத் தூக்குவாள்.

அந்த மரத்தைத்தான் அடுத்த வீட்டு ஆடு எம்பி இழுத்திருக்கிறது. ஆலந்தழையை எந்த ஆடு விடும்? தொட்டி விழுந்து சுக்குநூறாகிவிட்டது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மண் இல்லாமல் எத்தனை நாள் தாங்கும்?

சக்கரம் தொடாத கை

என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் மண்பாண்டக்காரர்கள். என் அப்பா பானை வனைந்தார், மாமனாரும் வனைந்தார். என் புருஷன் கன்னியப்பன் மட்டும் திருவொற்றியூரில் ஒரு ஜாடி கம்பெனியில் சூளை வேலைக்குப் போனார். ஊறுகாய் ஜாடி, கழிவு நீர்க் குழாய் எல்லாம் அங்கே வேகும்.

சூளை தகதகவென்று வெந்து நிற்கும்போது மேல் துவாரம் வழியாக உப்பை அள்ளி வீசுவது அவர் வேலை. எண்ணூர் உப்பளத்துக் கல்லுப்பு. உள்ளே விழுந்ததும் படபடவென்று வெடித்துப் புகையாகி, ஜாடி மேல் படிந்து, பழுப்பு நிறத்தில் கண்ணாடி மாதிரித் தோலாகிவிடும். அந்த வேலையில் அவருக்குப் புருவம் நிலைத்ததே இல்லை. கல்யாணத்தன்று இருந்தது, போட்டோ இருக்கிறது.

எங்கள் வீடுகளில் பெண்கள் சக்கரத்தைத் தொடக் கூடாது. மண் மிதிக்கலாம், பிசையலாம், பானையை அடித்து விரிக்கலாம், சுமந்து விற்கலாம். சக்கரத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. சின்ன வயதில் அப்பா வெளியே போன நேரம் நான் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முதுகில் வாங்கியதைப் பற்றி இரண்டு வாரம் முன்பு எழுதியிருக்கிறேன். அதிலிருந்து சக்கரத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம்.

ரெஜினா அக்கா கொண்டு வந்த நீல ஓடுகளை வாசலில் சேர்த்து வைத்துப் பார்த்தேன். நீள்சதுரம். நாலு மூலை, கீழே நாலு குட்டிக் கால். நாலு மூலை உள்ள எதையும் சக்கரத்தில் வனைய முடியாது. அதைப் பலகை பலகையாகத் தட்டி ஒட்டத்தான் வேண்டும். அப்படியானால் இதை நான் செய்யலாம். கேட்க யாருக்கும் வாய் கிடையாது.

சாம்பல்கூட நனையவில்லை

என் மாமியார் குப்பம்மாளுக்கு எல்லாவற்றுக்கும் வாய் உண்டு என்பதை மறந்துவிட்டேன்.

அத்தை வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு முதலில் மரத்தைப் பார்த்தாள். ஆலமரத்தை வீட்டுக்குள் வைத்தால் வீடு உருப்படுமா என்றாள். பிறகு குனிந்து ஓடுகளைப் புரட்டினாள். அடிப்பாகத்து ஓட்டில் வட்டமாக ஓர் ஓட்டை இருந்தது. இன்னோர் ஓட்டின் ஓரத்தில் பாதி ஓட்டை இருந்தது. அவ்வளவுதான், அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சீனத்தான் ஓட்டைச் சட்டியை உன் புருஷன் தலையில் கட்டிவிட்டான் என்று ரெஜினா அக்காவைக் கேலி செய்தாள். நானும் சிரித்தேன். அழ வந்தவளும் கொஞ்சம் சிரித்துவிட்டாள்.

எங்கள் பிழைப்பில் ஒழுகுகிற பாண்டத்தை விட அவமானம் இல்லை. வாங்குகிறவள் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள், தண்ணீர் ஊற்றிப் பார்ப்பாள், ஒரு சொட்டுக் கசிந்தாலும் தெருவில் வைத்து உடைத்துவிட்டுப் போவாள். ஓட்டை இல்லாத தொட்டியாக, சீனத்தானே வெட்கப்படும்படி ஒன்று செய்து தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

கம்பெனி மண்ணில் மீந்ததை மேஸ்திரியிடம் கேட்டு என் புருஷன் கொண்டு வந்தார். மணலும் களியும் கலந்த, விரலில் ஒட்டாத நல்ல மண். அதை ஈரச் சாக்கின் மேல் போட்டுச் சப்பாத்தி மாதிரித் தட்டினேன். ஓரம் அறுத்து நிறுத்தி, மண் குழம்பு பூசி மூலைகளைச் சேர்த்தேன். தட்டையான மண் காயும்போது செய்கிற அழிச்சாட்டியம் இருக்கிறதே, பிடிவாதக்காரப் பிள்ளை தோற்றுப் போகும். ஒரு மூலை எழும்பும். அதை அமுக்கினால் எதிர் மூலை எழும்பும். செங்கல் வைத்து, ஈரத் துணி மூடி, நிழலில் வைத்துக் காவல் இருந்தேன்.

ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே இடம் கேட்டு வாங்கி வேக வைத்தார். வெந்து வந்தபோது பனங்கருப்பட்டி நிறம், மேலே ஆரஞ்சுத் தோல் மாதிரிப் பொடிப்பொடிப் புள்ளி. அத்தை அதில் தண்ணீரை நிரப்பிச் சாம்பல் மேல் வைத்தாள். மறுநாள் தூக்கிப் பார்த்தால் சாம்பல் பொடியாகவே இருந்தது. "சாம்பல்கூட நனையல," என்றாள். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் வாயால் நான் கேட்ட முதல் நல்ல சொல் அதுதான்.

ரெஜினா அக்கா அந்தத் தொட்டியைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு எடுத்துப் போனாள்.

இலை பழுத்தது

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். ரெஜினா அக்கா மறுபடி வந்தாள். மீனும் இருந்தது, மரமும் இருந்தது. மரத்தில்தான் இலை இல்லை. நுனியில் கொஞ்சம் மட்டும் பச்சை, மீதி எல்லாம் பழுத்துக் கழன்றிருந்தது. தான் குடிக்கிற பானையிலிருந்தே தினமும் தண்ணீர் மொண்டு ஊற்றியதாகச் சொன்னாள். ஒவ்வொரு சொம்புக்கும் மாதாவை வேண்டிக்கொண்டாளாம்.

"நா இன்னா கொற வெச்சேன் வடிவு? அவுருக்கு இன்னாவோ ஆய்ப்பூட்சு," என்று சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மரத்தைத் தொட்டியிலிருந்து தூக்கினேன். சேற்றிலிருந்து காலை இழுப்பது மாதிரிச் சத்தம் வந்தது. கூடவே சாக்கடை நாற்றம். அடியில் தண்ணீர் தேங்கிக் கருப்பாகக் கிடந்தது, வேர் நுனி அழுகியிருந்தது. என் தொட்டி ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதுதான் வினை.

பழைய நீல ஓட்டில் கோழிக்குத் தீனி வைக்கலாம் என்று ஒரு துண்டை எடுத்து வைத்திருந்தேன். ஓடிப் போய் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஓட்டையின் விளிம்பு வழவழவென்று இருந்தது. நீலப் பூச்சு உள் வரைக்கும் வழிந்து உறைந்திருந்தது. வெந்த பிறகு உடைந்த ஓட்டை என்றால் விளிம்பு சொரசொரவென்று இருக்கும். இது பச்சை மண்ணிலேயே வேண்டுமென்று போட்ட ஓட்டை. சீனத்தான் ஏமாற்றவில்லை. நாங்கள்தான் எங்கள் கெட்டிக்காரத்தனத்தால் மரத்தை மூழ்கடித்துவிட்டோம்.

ஓட்டை வைத்து வேறு தொட்டி செய்கிறேன் அக்கா என்று சொல்லி நான் வாய் மூடவில்லை. உள்ளேயிருந்து அத்தை வந்துவிட்டாள்.

ஆகாத காரியம்

அப்போது நான் பிள்ளைத்தாய்ச்சி. அதற்கு முன்னால் உண்டானது தங்கவில்லை. அத்தை என்னை அடைகாத்துக்கொண்டிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். பப்பாளி மரத்துப் பக்கம் நான் போனால்கூடக் கத்துவாள். கிரகணத்தன்று என் கையில் அரிவாள்மனையைப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டியவள்.

ஓட்டைப் பாண்டம் என்றால் எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான். சுடுகாட்டில் தோளில் வைத்து மூன்று சுற்று வரும்போது சுற்றுக்கு ஒன்றாகக் கத்தி நுனியால் கொத்தி ஓட்டை போடுவார்களே, அந்தக் கொள்ளிக்குடம். கல்யாணப் பானையும் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும், கொள்ளிக்குடமும் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். ஆனால் கொள்ளிக்குடம்கூட எங்கள் வாசலைத் தாண்டும்போது முழுசாகத்தான் தாண்டும். ஓட்டை விழுவது அங்கே போய்த்தான். மண்பாண்டக்காரர் வீட்டுக்குள்ளே, அதுவும் வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள், பச்சைப் பாண்டத்தில் ஓட்டை போடுவதா?

அத்தை கத்தவில்லை. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது. "வேணாம்," என்று மட்டும் சொன்னாள்.

வீரமாக எதிர்த்தேன் என்று எழுதலாம், பொய்யாகிவிடும். எனக்கும் பயமாக இருந்தது. அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு, ரெஜினா அக்காவைப் பார்க்க முடியாமல் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரெஜினா அக்காதான் முதலில் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உன் வயிற்றை விட எனக்கு மரம் பெரிசில்லை என்றாள். மிச்ச மீனை எங்கள் சட்டியிலேயே கொட்டிவிட்டு, வெறும் கூடையில் வாசலில் கிடந்த மணலை அள்ளிப் போட்டு, மரத்தை அதில் நட்டாள். வீட்டுக்குப் போகிற வரைக்குமாவது நிற்கட்டும் என்று ஒரு சொம்புத் தண்ணீரும் ஊற்றினாள். அடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் கூடையைத் தலையில் ஏற்றினாள்.

"கூட ஒழுவுது பாரு," என்றாள் அத்தை, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"ஒழுவணும் ஆயா. தண்ணி நின்னா மீனு நாறிப்பூடும். எந்நேரமும் இது ஒழுவிகினே கீறதாலதான் உனுக்கு நல்ல மீனு வந்துகினு கீது. என் தோளப் பாரு."

நாங்கள் பார்த்தோம். அவள் ரவிக்கையின் இடது தோள் மட்டும் சாயம் போய், உப்புப் பூத்து, நைந்திருந்தது. வருஷக் கணக்காக எங்கள் வாசலுக்கு வருகிறவள். அத்தனை நாளும் அவள் கூடைக்குள்ளேதான் எட்டிப் பார்த்திருக்கிறோம், தோளைப் பார்த்ததில்லை.

அவள் போன பிறகும் அத்தை வெகு நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மீன் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள்.

பப்பாளிக் காம்பு

மறுநாள் காலையில் அத்தை என்னிடம், நீ தொட்டியைச் செய், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். என்ன ஏது என்று கேட்கிற தைரியம் எனக்கில்லை. முன்னைவிட அகலமாக, தாழ்வாக, கால்களைக் கொஞ்சம் உயர்த்திச் செய்தேன். மண் பாதி இறுகி, விரல் பட்டால் தடம் பதியாமல் குளிர்ந்து இருக்கிற பதம் வந்தது.

அத்தை கொல்லைப் பக்கம் போய்வந்தாள். கையில் ஒரு பப்பாளிக் காம்பு. பிள்ளைகள் ஊதி விளையாடுகிற, உள்ளே குழலாக இருக்குமே, அது. சுடுகாட்டுக் கத்தி மாதிரி இரும்பு எதுவும் படக் கூடாது என்று யோசித்திருக்கிறாள். ஆனால் என் கண்ணில்கூடக் காட்டாத பப்பாளியையே நடு வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டாள். அதைச் சொல்லி நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

என்னை அந்தாண்டை போய்ச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னாள்.

உங்களுக்கு மட்டும் ஆகுமா அத்தை என்று கேட்டேன்.

"எனுக்கு இன்னா? தாலி பூட்சு, பல்லு பூட்சு. வர்றது எதுனா வந்தா என்னோட போவட்டும். உன்னாண்ட வராது," என்றாள்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பிறகு அத்தை பேசத் தொடங்கினாள், என்னிடமா தொட்டியிடமா என்று தெரியவில்லை. என் மாமனார் கோயிலுக்கு மண் குதிரை செய்து, கடைசி நாளில் அதற்குக் கண் திறப்பார். அத்தை பக்கத்தில் நின்று அவருக்கு உளியை எடுத்துக் கொடுப்பாள். அவர் போன பிறகு கண் திறக்கிற இடத்தில் இவளை நிற்க விடவில்லை. தாலி அறுத்தவள் எதிரில் நிற்கலாகாது என்று சொல்லிவிட்டார்கள். அதை அத்தை யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

"இது ஓட்ட இல்ல வடிவு. கண்ணு. குதுரைக்குத் தொறந்த மாதிரி இதுக்கும் தொறக்கறேன். ஓட்டன்னு இனிமே இந்த வூட்டுல யாரும் சொல்லக் கூடாது."

திரும்பலாம் என்றதும் திரும்பினேன். தொட்டியின் அடியில் இரண்டு வட்டம். பக்கத்துக்கு ஒன்றாக, விளிம்பைத் தண்ணீர் தொட்ட விரலால் மழுக்கியிருந்தாள். மூன்றாக வைத்தால் தண்ணீர் இன்னும் நன்றாக இறங்குமே என்று என் வாய் சும்மா இருக்காமல் கேட்டது.

"மூணுன்னாதான் சுடுகாடு. ரெண்டுன்னா மூஞ்சி," என்றாள் அத்தை.

காம்புக்குள்ளிருந்து தட்டி எடுத்த இரண்டு மண் வில்லைகளையும் தன் சுருக்குப் பையில் போட்டு முடிந்துகொண்டாள். அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அண்ணன் வாங்கிய திட்டு

சூளையிலிருந்து தொட்டி வருகிற வரைக்கும் மரம் மீன் கூடையிலேயே இருந்தது. ஒழுகுகிற கூடைதானே, அதற்குள்ளேயே ஒரு குருத்து எட்டிப் பார்த்துவிட்டது. ரெஜினா அக்கா வேறு கூடை வாங்கி வியாபாரத்துக்கு வந்தாள். புதுத் தொட்டிக்கு மாற்றிய பிறகு, மழை விட்டு வெயில் வந்ததும் மளமளவென்று தளிர்த்தது. தண்ணீர் ஊற்றினால் இரண்டு கண்ணிலும் சொட்டும். அழட்டும், அதுவாவது அழட்டும் என்பாள் அக்கா.

தை பிறந்து கொஞ்ச நாளில் அந்தோணி அண்ணன் வந்துவிட்டார். கப்பல் இஞ்சின் பழுதாகி ஏதோ ஒரு துறைமுகத்தில் மாதக் கணக்காகக் கட்டிப் போட்டிருந்தார்களாம், அங்கே இவருக்குக் கடும் காய்ச்சலும் வந்ததாம். இலை உதிர்ந்த அதே சமயம்தான் காய்ச்சல் என்று ரெஜினா அக்கா சத்தியம் செய்தாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவளிடம் அதைச் சொன்னதும் இல்லை.

அண்ணன் தாடியும் மீசையுமாக, ஒரு டின் பிஸ்கட்டோடு எங்களைப் பார்க்க வந்தார். என் முதல் தொட்டியில் ரெஜினா மீனுக்கு மசாலா தடவி ஊற வைக்கிறாள், அதற்கு அதைவிட நல்ல பாண்டம் உலகத்தில் இல்லை என்று சொல்லிச் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

"நைனா, கப்பல் ஏறச் சொல்ல எதுனா சொல்றதுன்னா யோசிச்சு சொல்லு. உன் பேச்சுல ஒரு பொம்பள செத்துப் பொழச்சா," என்றாள்.

அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். ஆகட்டும் ஆயா என்று தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகும் பல தடவை கப்பல் ஏறினார். போகும்போது, போய்ட்டு வரேன் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்வதில்லையாம்.

அவர்தான் என் தொட்டியைத் துறைமுகம் பூராவும் பேசிப் பரப்பியவர். அவர் சொல்லி ஒரு கப்பல் இஞ்சினியர் வந்தார். எண்ணூர் பங்களாவில் குள்ள மரம் வளர்த்த ஒரு துரைசானி ஆள் அனுப்பினாள். சக்கரம் தொடாத என் கைக்கு அப்புறம் ஓய்வில்லை. இன்று என் பட்டறையில் நாலு பெண்கள் வேலை செய்கிறார்கள். வாங்க வருகிறவர்கள் ஓட்டை என்பார்கள், துவாரம் என்பார்கள், ஹோல் என்பார்கள். எங்கள் பெண்களுக்கு அது கண்தான். ஏன் என்று கேட்டால் இங்கே அப்படித்தான் என்பார்கள்.

பேர் வைத்தது

மாசியில் எனக்குப் பெண் பிறந்தது. சுகப் பிரசவம். அத்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு தும்மல்கூட வரவில்லை. பிள்ளையைத் தொட்டிலில் போட்ட அன்று, அத்தை தன்னந்தனியாகக் கடற்கரைக்குப் போய்ச் சுருக்குப் பையிலிருந்த இரண்டு மண் வில்லைகளையும் அலையில் எறிந்துவிட்டு வந்து தலை முழுகினாள். அத்தனை மாதமும் அதை இடுப்பில் சுமந்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. எனக்கு வர வேண்டியது எதுவாக இருந்தாலும் தன்னோடு போகட்டும் என்று ஒரு மனுஷி மடியில் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறாள். பெற்றவள்கூட எனக்கு அப்படிச் செய்திருப்பாளா என்று நினைத்து அழுதேன். இப்போது எழுதும்போதும் கண் நிறைகிறது.

பேர் வைக்கிற பேச்சு வந்தது. என் பேரே ஊர் அம்மன் பேர்தான், பிள்ளைக்கும் அதே வழியில் ஒரு பேர் என்று என் புருஷன் நினைத்திருந்தார். அத்தை மீனாட்சி என்றாள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் அந்தப் பேர் கிடையாது. அத்தை மதுரையைப் பார்த்தவளும் இல்லை, அரக்கோணத்தைத் தாண்டியவளும் இல்லை. ஏன் அந்தப் பேர் என்று கேட்டதற்கு, வாயில் நன்றாக வருகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் சொன்னதற்கு மேல் எங்கள் வீட்டில் பேச்சில்லை.

மீனாட்சி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம். ஒரு சனிக்கிழமை. நான் முற்றத்தில் தொட்டிக்கு மூலை சேர்த்துக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, ரெஜினா அக்கா அப்போதுதான் போட்டுவிட்டுப் போன சங்கராவைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை ஓடி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே தன் பேருக்கு அர்த்தம் டீச்சர் சொன்னதாகச் சொன்னாள். "மீனுன்னா மீனாம் அம்மா. அட்சின்னா கண்ணாம்."

என் கை மண்ணிலேயே நின்றுவிட்டது. திரும்பி அத்தையைப் பார்த்தேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. மீனைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கத்தைச் சுரண்டிக்கொண்டே, "இப்பதான் தெரிஞ்சுதா உனுக்கு," என்றாள்.